3608528850368400786036725: இதற்கு மேல் ஓர் இலக்கம்கூடச் சேர்க்க முடியாத எண்

வகுத்தல்காரன் | திங்கள், இரவு 9:12

தலைப்பில் உள்ள எண்ணைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். மொத்தம் 25 இலக்கங்கள். சொல்லிப் பார்த்தால் ஏறத்தாழ 3608 கோடி கோடி கோடி.

இடப்பக்கத்திலிருந்து இலக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் 36, அது 2ஆல் வகுபடும். முதல் மூன்று 360, 3ஆல் வகுபடும். 3608 என்பது 4ஆல், 36085 என்பது 5ஆல், 360852 என்பது 6ஆல். ஏழாவதில் பலருக்கும் சந்தேகம் வரும். 3608528ஐ 7ஆல் வகுத்துப் பாருங்கள், 515504 வரும், மீதி இல்லை. அடுத்து 36085288 என்பது 8ஆல். இப்படியே போய், முழு எண்ணும் 25ஆல் வகுபடுவதில் முடிகிறது. நடுவில் ஒரு படிகூடத் தவறவில்லை.

இந்தக் குணம் கொண்ட எண்களைப் பாலிடிவிசிபிள் எண்கள் என்கிறார்கள். நாம் எழுதும் பத்தடிமான முறையில் இவற்றுள் மிகப் பெரியது இதுதான். 26 இலக்கத்தில் அப்படி ஓர் எண்கூடக் கிடையாது. ஏன் 25இல் நிற்கிறது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி. இங்கே கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் பலர் இருக்கிறீர்கள். பேசலாம்.

தாமரைச்செல்வன் | திங்கள், இரவு 9:40

எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். 3.60853E+24 என்று காட்டுகிறது. கட்டத்தை அகலப்படுத்தினால் 360852885036840 வரை சரியாக இருக்கிறது, அதற்குப் பிறகு பத்து இடங்களும் பூஜ்யம். இதை வைத்து 17ஆல், 19ஆல் வகுத்துச் சோதிப்பது எப்படி?

நிரல்நேசன் | திங்கள், இரவு 9:58

எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும், மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். சி மொழியில் 64 பிட் முழு எண்ணில் எழுதினாலும் 20ஆவது இலக்கத்தோடு இடம் போதாமல் போய்விடும். பைதானில் முழு எண்களுக்கு நீள வரம்பு இல்லை, அதில் சோதிக்கலாம்.

ஆனால் கம்ப்யூட்டரே தேவையில்லை, மீதியை மட்டும் இழுத்துக்கொண்டு போனால் போதும். 19ஐ எடுத்துக்கொள்வோம். 36இன் மீதி 17. அதைப் பத்தால் பெருக்கி அடுத்த இலக்கம் 0ஐச் சேர்த்தால் 170, மீதி 18. பிறகு 188, மீதி 17. பிறகு 175, மீதி 4. இப்படியே ஒவ்வோர் இலக்கமாக வந்தால் 19ஆவது இலக்கத்தில் 76 வரும், மீதி 0. எந்த இடத்திலும் மூன்று இலக்கத்துக்கு மேல் போகவேண்டியதில்லை. பள்ளியில் செய்த நெடுமுறை வகுத்தல்தான் இது, ஈவை எழுதாமல் விட்டுவிடுகிறோம்.

பழைய கணக்கு வாத்தியார் | செவ்வாய், காலை 6:05

வணக்கம். நான் காகிதத்தில் முழுவதையும் சரிபார்த்தேன். எல்லாப் படியும் சரிதான். எப்படிச் சுருக்கமாகச் செய்வது என்பதை இளையவர்களுக்காக எழுதுகிறேன்.

7, 11, 13 ஆகிய மூன்றுக்கும் ஒரே வழி போதும், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்க வேண்டும். முதல் 13 இலக்கங்கள் 3 608 528 850 368. இப்போது 368 − 850 + 528 − 608 + 3 = −559. 559 என்பது 13 × 43. முடிந்தது. முதல் 14 இலக்கங்களுக்கு 684 − 503 + 288 − 85 + 36 = 420 வருகிறது, அது 7ஆல் வகுபடும். எண் இரட்டைப்படை, ஆகவே 14ஆலும் வகுபடும்.

22ஆவது படி மிக அழகானது. முதல் 22 இலக்கங்களில் ஒற்றை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 48. இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினாலும் 48. வித்தியாசம் பூஜ்யம், ஆகவே 11ஆல் வகுபடும். அதைப் பார்த்த பிறகு பேனாவைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 5, 10, 15, 20, 25ஆம் இடங்களில் முறையே 5, 0, 0, 0, 5 உள்ளன. 10ஆம் இடத்திலும் 20ஆம் இடத்திலும் பூஜ்யம் கட்டாயம். இரட்டை இடங்களில் எல்லாம் இரட்டை இலக்கங்கள்தான் வர முடியும்: 6, 8, 2, 8, 0, 6, 4, 0, 8, 0, 6, 2.

தாமரைச்செல்வன் | செவ்வாய், காலை 8:30

ஐயா, மிக்க நன்றி. எனக்குப் புரியாதது வேறு. இந்த எண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 25 இலக்க எண்கள் கோடி கோடிக்கணக்கில் இருக்கின்றனவே. ஒவ்வொன்றையும் சோதிக்க எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாதே.

நிரல்நேசன் | செவ்வாய், பிற்பகல் 1:15

ஒவ்வொன்றையும் சோதிக்கவே வேண்டாம். இப்படிப்பட்ட எண்ணின் கடைசி இலக்கத்தை நீக்கினால் மிஞ்சுவதும் இதே குணமுள்ள எண்தான். ஆகவே கீழேயிருந்து மேலே வளர்க்கலாம். 1 முதல் 9 வரை தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் 0 முதல் 9 வரை ஓர் இலக்கத்தை ஒட்டிப் பார்த்து, வகுபடுபவற்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மரம் கிளைவிடுவது போல் வளரும்.

உணவு இடைவேளையில் எழுதிப் பார்த்தேன். பதினைந்து வரிகூட வரவில்லை, ஒரு நொடிக்குள் முடிந்துவிட்டது. 1 இலக்கத்திலிருந்து 25 இலக்கம் வரை, ஒவ்வொரு நீளத்திலும் எத்தனை எண்கள் என்ற கணக்கு இது:

9, 45, 150, 375, 750, 1200, 1713, 2227, 2492, 2492, 2225, 2041, 1575, 1132, 770, 571, 335, 180, 90, 44, 18, 12, 6, 3, 1

அதற்குப் பிறகு பூஜ்யம். எல்லாவற்றையும் கூட்டினால் 20456. உலகத்தில் உள்ள பத்தடிமானப் பாலிடிவிசிபிள் எண்கள் அத்தனையும் இவ்வளவுதான். 26 இலக்கத்தில் ஒன்றும் இல்லை என்பதால் 27இலும் இருக்க முடியாது, 100 இலக்கத்திலும் இருக்க முடியாது. ஒரு தலைமுறை அற்றுப்போனால் அதற்குப் பிந்திய தலைமுறைகள் பிறக்க வழியில்லை. ஆகவே இந்தத் தேடலே முழுமையான நிரூபணம்.

வகுத்தல்காரன் | செவ்வாய், மாலை 7:20

இந்தப் பட்டியலுக்காகத்தான் காத்திருந்தேன். 9ஆம் இடத்திலும் 10ஆம் இடத்திலும் ஒரே 2492 வருவது தற்செயல் இல்லை. 9 இலக்க எண் எதுவாக இருந்தாலும் பின்னால் 0ஐ ஒட்டினால் 10ஆல் வகுபடும், வேறு எதை ஒட்டினாலும் வகுபடாது. ஒவ்வொன்றுக்கும் சரியாக ஒரே வாரிசு.

ஏன் ஏறி இறங்குகிறது என்பதையும் பார்க்கலாம். n இலக்க எண்ணை உருவாக்கும்போது 10 இலக்கங்களை முயல்கிறோம். அடுத்தடுத்த பத்து எண்களில் nஆல் வகுபடுபவை சராசரியாக 10/n. ஆகவே n பத்தைவிடச் சிறியதாக இருக்கும்வரை குடும்பம் பெருகும், பத்தில் நிலைக்கும், பிறகு சுருங்கும். பெருக்கிக்கொண்டே போனால் n இலக்கத்தில் எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கை 9 × 10^(n−1) / n! (n! என்றால் 1 முதல் n வரை எல்லாவற்றையும் பெருக்கி வருவது). 10 இலக்கத்துக்கு இது 2480 என்கிறது, உண்மை 2492. 20 இலக்கத்துக்கு 37 என்கிறது, உண்மை 44. 24க்கு 1.45, உண்மை 3. 25க்கு 0.58, உண்மை 1. எந்த எண்ணையும் பார்க்காமலே போட்ட கணக்கு இவ்வளவு அருகில் வருகிறது!

26க்கு 0.22 என்றுதான் வருகிறது. பூஜ்யம் என்று அந்தக் கணக்கு சொல்வதில்லை. ஒன்று இருந்திருக்கவும் கூடும். இல்லை என்பதை உறுதியாகச் சொல்ல நிரல்நேசனின் மரம்தான் வேண்டும்.

அளவைவாதி | செவ்வாய், இரவு 10:02

எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கும்போது குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் பேசுவது அந்த எண்ணைப் பற்றியே அல்ல, அதைப் பத்தடிமானத்தில் எழுதினால் வரும் தோற்றத்தைப் பற்றி. மனிதனுக்கு எட்டு விரல்கள் இருந்திருந்தால் இந்த எண்ணை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். 25ஆல் வகுபடுவது எண்ணின் குணம். முதல் 24 இலக்கங்கள் என்பது எழுத்தின் குணம்.

ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி 1940இல் இதைத்தான் சொன்னார். 8712 என்பது 2178இன் 4 மடங்கு, 9801 என்பது 1089இன் 9 மடங்கு. நான்கு இலக்க எண்களில் தன்னைத் திருப்பிப் போட்ட எண்ணின் மடங்காக வருபவை இவை இரண்டே. பத்திரிகைப் புதிர்ப் பகுதிக்கு ஏற்ற செய்தி, ஆனால் கணித அறிஞனை ஈர்க்க இதில் ஒன்றும் இல்லை என்றார். ராமானுஜனின் மேதைமையை உணர்ந்து கேம்பிரிட்ஜுக்கு அழைத்தவரின் தீர்ப்பு அது. எளிதில் தள்ளிவிட முடியாது.

மல்லிகா | புதன், காலை 7:45

அளவைவாதி ஐயா, பத்தடிமானத்தைச் சார்ந்தது என்ற வரை ஒப்புக்கொள்கிறேன். அதனால் கணிதம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன்.

1/7 = 0.142857142857... ஆறு இலக்கச் சுழற்சி. இதுவும் பத்தடிமானத்தின் தோற்றம்தான். ஆனால் எந்தப் பகா எண்களுக்கு இந்தச் சுழற்சி முழு நீளமாக, அதாவது p−1 இலக்கமாக வரும் என்று கேட்டால் நேராக எண் கோட்பாட்டின் நடுக்கூடத்துக்குப் போய்விடுகிறோம். ஜெர்மன் கணித மேதை காஸ் தசமச் சுழற்சிகளை ஆழ்ந்து ஆராய்ந்தார். அப்படிப்பட்ட பகா எண்கள் முடிவில்லாமல் உண்டா என்ற கேள்வியை 1927இல் கணித அறிஞர் ஆர்டின் பொதுவாக வைத்தார். இன்றுவரை முழு நிரூபணம் இல்லை.

கப்ரேகரையும் நினைத்துப் பாருங்கள். நாசிக் அருகே தேவளாலியில் பள்ளி ஆசிரியர். அவருடைய 6174ஐ (எல்லாம் ஒன்றாக இல்லாத நான்கு இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதைக் கழித்துக்கொண்டே போனால் வந்து நிற்கும் எண்) அற்பமான விளையாட்டு என்று ஒதுக்கியவர்கள் நம் நாட்டிலேயே இருந்தார்கள். இன்று எந்த ஊர்ப் பள்ளியில் சொன்னாலும் பிள்ளைகள் உடனே நோட்டை எடுத்துக் கழிக்கத் தொடங்குகிறார்கள். ஒரு பிள்ளையைக் கணக்கின் பக்கம் திருப்பும் எண்ணை நான் சிறியது என்று சொல்லமாட்டேன்.

வகுத்தல்காரன் | புதன், காலை 9:10

அளவைவாதிக்கு நான் தர விரும்பும் பதில் மூன்றடிமானத்தில் இருக்கிறது. அங்கே இலக்கங்கள் 0, 1, 2 மட்டுமே. முழு மரத்தையும் இங்கேயே எழுதிவிடலாம். வசதிக்காக மதிப்புகளை நம் வழக்கமான எண்களில் தருகிறேன். ஒவ்வொரு படியிலும் 3ஆல் பெருக்கி 0, 1, 2இல் ஒன்றைக் கூட்ட வேண்டும்.

1 இலக்கம்: 1, 2
2 இலக்கம்: 4, 6, 8
3 இலக்கம்: 12, 18, 24
4 இலக்கம்: 36, 56, 72
5 இலக்கம்: 110, 170 (72இன் கிளை இங்கே பட்டுப்போகிறது, 216உடன் 4 கூட்டினால்தான் 5ஆல் வகுபடும்)
6 இலக்கம்: 330, 510

ஏழாவதற்கு 330இலிருந்து 990. அதை 7ஆல் வகுத்தால் மீதி 3, ஆகவே 4 கூட்ட வேண்டும், முடியாது. 510இலிருந்து 1530, மீதி 4, ஆகவே 3 கூட்ட வேண்டும். மூன்றடிமானத்தில் 3 என்ற இலக்கம் இல்லை. ஒரே ஓர் எண்ணிக்கையில் தவறிவிடுகிறது! மரம் முடிந்தது. 510ஐ மூன்றடிமானத்தில் எழுதினால் 200220.

எந்த அடிமானத்தை எடுத்தாலும் மரம் வளர்ந்து, ஓரிடத்தில் நின்று, சுருங்கும். அடிமானம் b என்றால் b வரை ஏற்றம், அதற்கு மேல் இறக்கம். பத்தைப் பொறுத்தவரை 10^n / n! எப்போது 1க்குக் கீழே போகிறது என்று n!ஐத் தோராயமாகத் தரும் ஸ்டிர்லிங் சூத்திரத்தை வைத்துப் பார்த்தால் 10 × 2.718, அதாவது 27க்குச் சற்று முன்பே என்று வரும். 25 என்ற நீளம் விரலின் கணக்காக இருக்கலாம். அந்த நீளத்தைத் தீர்மானிப்பது 2.718... என்னும் e என்ற மாறிலி, அதற்கு விரல்கள் இல்லை.

அளவைவாதி | புதன், பகல் 12:30

மூன்றடிமான மரம் அருமை. விதி எல்லா அடிமானங்களுக்கும் பொது, அதில் கணிதம் இருக்கிறது என்று ஏற்கிறேன். ஆனால் குறிப்பிட்ட அந்த 25 இலக்கங்களில் கணிதம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதில் என் கருத்து மாறவில்லை.

கயல் (பத்தாம் வகுப்பு) | புதன், மாலை 6:50

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கணித மன்றத்தில் ஒரு புதிர் கொடுத்தார்கள். 1 முதல் 9 வரை எல்லா இலக்கங்களும் ஒவ்வொரு முறை மட்டும் வர வேண்டும், இதே வகுபடும் விதியும் பொருந்த வேண்டும். விடை 381654729 என்று சொன்னார்கள். வேறு விடை இல்லை என்பதை எப்படிக் காட்டுவது? கம்ப்யூட்டர் இல்லாமல் செய்ய ஆசை.

மல்லிகா | புதன், இரவு 8:25

கயல், கம்ப்யூட்டர் தேவையே இல்லை. ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னோடு வா. இலக்கங்களை a b c d e f g h i என்று வைப்போம்.

e கட்டாயம் 5, ஏனென்றால் 0 இல்லை. b, d, f, h இரட்டை இடங்கள், அவை 2, 4, 6, 8ஐ எடுத்துக்கொள்ளும். மீதி a, c, g, i ஆகியவற்றுக்கு 1, 3, 7, 9.

நான்காம் படியில் cd என்ற ஈரிலக்க எண் 4ஆல் வகுபட வேண்டும். c ஒற்றைப்படை, ஆகவே d 2 அல்லது 6. மூன்றாம் படியில் a+b+c 3ஆல் வகுபட்டுவிட்டது, ஆறாம் படியில் மொத்தமும் வகுபட வேண்டும், ஆகவே d+5+f 3ஆல் வகுபடும். d 2 என்றால் f 8. d 6 என்றால் f 4. வேறு வழியில்லை.

எட்டாம் படிக்கு fgh 8ஆல் வகுபட வேண்டும். f இரட்டை என்பதால் gh 8ஆல் வகுபட்டால் போதும்: 16, 32, 72, 96.

d=2, f=8 என்றால் h 6, b 4. a+4+c 3ஆல் வகுபட a, c இரண்டும் 1, 7 ஆக வேண்டும். g 9, i 3. வருபவை 147258963, 741258963. முதல் ஏழு இலக்கங்களை 7ஆல் வகுத்தால் மீதி 6, 2. இரண்டும் தள்ளுபடி.

d=6, f=4 என்றால் h 2, b 8. g 3 அல்லது 7. a, c இரண்டில் ஒன்று 1, 7 கூட்டத்திலிருந்தும் மற்றது 3, 9 கூட்டத்திலிருந்தும் வர வேண்டும். எட்டு எண்கள் தேறும். ஏழாம் படியை மட்டும் சோதித்துப் பார். ஒன்றே ஒன்றுதான் நிற்கும்.

கயல் (பத்தாம் வகுப்பு) | புதன், இரவு 9:30

பார்த்துவிட்டேன் அக்கா! 1896543 மீதி 5, 9816543 மீதி 2, 7896543 மீதி 4, 9876543 மீதி 5, 1836547 மீதி 6, 1896547 மீதி 2, 9816547 மீதி 6. 3816547 மட்டும் 7 × 545221. மீதி இல்லை.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. நிரல்நேசன் அண்ணன் கொடுத்த பட்டியலில் 750க்குப் பிறகு 1200 வருகிறது. 10/6 மடங்கு என்றால் 1250 வர வேண்டும். முதல் ஐந்து எண்களுக்கு அந்தச் சராசரி கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆறில் மட்டும் ஏன் சரியாக 50 குறைகிறது?

பழைய கணக்கு வாத்தியார் | வியாழன், காலை 5:50

கயல், பட்டியலை வெறுமனே படிக்காமல் விகிதத்தைச் சரிபார்த்திருக்கிறாய் அம்மா. மிக நல்ல கேள்வி. இதற்கும் கையாலேயே விடை காணலாம்.

ஆறாம் இலக்கம் இரட்டையாக இருக்க வேண்டும். 0, 6 இரண்டும் 3ஆல் வகுத்தால் மீதி 0. 2, 8 இரண்டும் மீதி 2. மீதி 1 தருவது 4 மட்டும். ஆகவே தேவைப்படும் மீதி 1 என்றால் ஒரு வழி, மற்றவற்றுக்கு இரண்டு வழிகள். மூன்றும் சமமாக வந்திருந்தால் 1250. சமமாக வரவில்லை.

மூன்று இலக்க எண்கள் 150இல் மூன்றாம் இலக்கம் இரட்டையாக உள்ளவை 75, ஒற்றையாக உள்ளவை 75. இரட்டை என்றால் நான்காம் இலக்கம் 0, 4, 8. ஐந்தாம் இலக்கம் 0 அல்லது 5. இந்த ஆறு சேர்க்கைகளில் ஆறாம் இலக்கத்துக்கு மொத்தம் 10 வழிகள். ஒற்றை என்றால் நான்காம் இலக்கம் 2, 6 மட்டும், நான்கு சேர்க்கைகள், மொத்தம் 6 வழிகள். சராசரிப்படி இங்கே நான்குக்கு 6⅔ வர வேண்டும், ஆனால் 4 என்ற ஒற்றை வழி இருமுறை வந்து குறைத்துவிடுகிறது. 75 × 10 + 75 × 6 = 1200.

கயல் (பத்தாம் வகுப்பு) | வியாழன், மாலை 5:15

நானே ஆறு சேர்க்கைகளையும் எழுதிப் பார்த்தேன் ஐயா. 10 சரியாக வருகிறது. பள்ளியில் எல்லாருக்கும் காட்டினேன்.

அதே போல் கடைசிப் படியையும் யோசித்தேன். 24 இலக்க எண் 24ஆல் வகுபடுவதால் அது இரட்டை எண். 25ஆவது படியில் கடைசி இரண்டு இலக்கங்கள் 00, 25, 50, 75 ஆகத்தான் இருக்க முடியும். 50, 75 என்றால் 24ஆவது இலக்கம் 5 அல்லது 7, அவை ஒற்றை. ஆகவே 0இல் அல்லது 2இல் முடியும் எண்தான் அடுத்த படிக்குப் போக முடியும். நம் எண் 2இல் முடிந்ததால்தான் தப்பித்தது. சரியா?

நிரல்நேசன் | வியாழன், மாலை 6:40

மிகச் சரி. 24 இலக்கத்தில் இருந்த மூன்றில் மற்ற இரண்டும் அந்த இடத்தில்தான் நின்றுவிட்டன.

வகுத்தல்காரன் | வியாழன், இரவு 8:55

கயலின் வழியைப் பின்பற்றி 26ஆவது படியையும் நான் கையாலேயே முடித்துவிட்டேன். நம் எண்ணை மும்மூன்றாகப் பிரித்து வாத்தியார் ஐயா சொன்னபடி கூட்டிக் கழித்தால் 516 வருகிறது, 13ஆல் வகுத்தால் மீதி 9. பின்னால் ஒரு பூஜ்யம் ஒட்டினால் 90இன் மீதி, அதாவது 12. பூஜ்யத்தில் முடிவதால் இரட்டை எண், ஆகவே 26ஆல் வகுத்தாலும் மீதி 12தான். 26ஆல் வகுபட இன்னும் 14 கூட்ட வேண்டும். நம்மிடம் இருப்பது 9 வரைதான்.

அடுத்து நான்கடிமான மரத்தைக் கையால் வரையலாம் என்றிருக்கிறேன். கயல், நீ ஐந்தடிமானத்தை எடுத்துக்கொள்கிறாயா? அது இதைவிட நீளமாக வளரும், பெரிய தாளாக எடுத்துக்கொள்.